படிக்காமல் வைத்த கும்பிடு

குட்டிமா, கேஸ் எதுவும் இப்போ இல்லை, முதல்ல அதைப் படிச்சு மூச்சு விட்டுக்கோ, அப்புறம் மீதியைப் படி. நானும் உன் சித்தப்பாவும் சாமி புண்ணியத்துல கை கால் சுகத்தோட இருக்கோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும்னு தினமும் விளக்கு முன்னாடி சொல்லிட்டுதான் இருக்கேன்.

நீ வேலைக்குக் கிளம்பும்போது நம்ம தெருவுக்குன்னு போன்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சு, தண்ணி வராத நாள், காணாமப்போன பூனை எல்லாம் போடுவாங்க, பார்த்துக்கோ சித்தின்னு சொல்லிட்டுப் போனியே, அதுல வந்த வினை இது. விடியக்காலையில சாமி கும்பிட்டு எழுந்ததும் நான் போனை எடுத்து, மேலே தெரியறதுக்கெல்லாம் ரெண்டு கை கூப்பின படத்தை வரிசையா வெச்சுடுவேன். படிக்கிறதில்லை, கண்ணாடி சமையல்கட்டுல கிடக்கும். வந்தவங்களுக்கு ஒரு வணக்கம் சொல்றது மரியாதைதானேன்னு இருந்துட்டேன். போன மாசம் அந்த ரிட்டயர்டான கண்டக்டர், முனை பேக்கரிக்காரர் பழைய ரொட்டியை அரைச்சுப் புதுக் கேக்ல கலக்கறார்னு எழுதியிருக்கார், நான் அதுக்கும் கும்பிட்டுட்டேன். சித்தியே கும்பிட்டாச்சு, அப்போ நிஜம்தான்னு தெருவே முடிவு பண்ணிடுச்சு (நீ கூப்பிட்டுக் கூப்பிட்டு நான் இப்போ தெருவுக்கே சித்தி). பேக்கரியில ஈ ஓட்டறாங்க, பிறந்தநாள் கேக் சொன்னவங்ககூட வேண்டாம்னுட்டாங்களாம், இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்னு அவர் சம்சாரம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

பேக்கரிக்காரர் வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டார். எழுதினது கண்டக்டர், என்னை ஏன் பிடிக்கறீங்கன்னு வக்கீலைப் போய்க் கேட்டேன். அவர் சொல்றார், உங்க சுவத்துல எவனோ கிறுக்கினா நீங்க என்னம்மா பண்ணுவீங்க, ஆனா கிறுக்கினதுக்கு மாலை போட்டுக் கும்பிட்டா கேள்வி உங்களையும்தான் கேட்பாங்கன்னு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை, அவர் சிரிக்கலை. உன் சித்தப்பா வேற, உலகத்துலயே கும்பிட்டு மாட்டினவ நீ ஒருத்திதான்டின்னு வீடு வீடாச் சொல்லிட்டு வர்றார்.

சரி, தொல்லை விட்டதுன்னு நான் வெச்ச கும்பிடை அழிச்சேன். கண்டக்டர் எலெக்‌ஷன்ல கரண்டிச் சின்னத்துக் கட்சியா, பேக்கரிக்காரர் பூட்டுச் சின்னத்துக் கட்சியா, உடனே கரண்டிக்காரங்க சித்தி பூட்டுப் பக்கம் சாஞ்சுட்டாங்கன்னு ஒரே கூச்சல். பூட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா, இத்தனை நாள் சித்தி கும்பிட்டதெல்லாம் கரண்டிக்குத்தான், எங்களுக்கு ஒண்ணுகூட இல்லைன்னு காட்டினாங்க. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், நிஜம்தான் குட்டிமா. கரண்டிக்காரங்க விடியும்போதே எழுந்து போடறாங்க, அது மேலே நிக்குது. பூட்டுக்காரங்க மத்தியானம் போடறாங்க, அப்போ நான் குறட்டை விட்டுட்டிருப்பேன், மறுநாளைக்குள்ள அது அடியில போயிடுது. என் தூக்கத்துல இவ்வளவு அரசியல் இருக்கும்னு ஆண்டவனுக்கே தெரிஞ்சிருக்காது.

கடைசியில கண்டக்டரைக் கையோட பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணால பார்த்தீங்களா அண்ணான்னா, பார்க்கலை, ருசி அப்படி இருந்ததுன்னு இழுக்கறார். பேக்கரிக்காரர் அடுப்பு ரூமுக்குள்ள ஸ்டூல் போட்டு அவரை உட்கார வெச்சு, மாவு பிசையறதுலருந்து எல்லாத்தையும் அவர் கண் முன்னாடி பண்ணினார். கண்டக்டர் சூடா மூணு துண்டு சாப்பிட்டுட்டு, நான் பார்க்காம எழுதிட்டேன்னு அங்கேயே எழுதிப் போட்டார். நான் அதுக்குக் கீழே, படிக்காம கும்பிட்டது என் தப்புன்னு போட்டேன். மறுநாள் கடை வாசல்ல நிக்க இடமில்லை, பேக்கரிக்காரரும் கேஸை விட்டுட்டார்.

அதோட நான் யாருக்கும் கும்பிடறதில்லைன்னு நிறுத்தினேன் பாரு, ரெண்டு கட்சியும் சேர்ந்து வாசலுக்கு வந்து, சித்தி எங்களை மதிக்கலைன்னு சண்டை. அவங்க ஒண்ணா நின்னு நான் பார்த்ததே இல்லை, சந்தோஷத்துல எல்லாருக்கும் காபி போட்டுக் குடுத்தேன். இப்போ கண்ணாடி போட்டுப் படிச்சுட்டுதான் கும்பிடறேன், பாதிக்கு மேல கும்பிடற மாதிரி இல்லை.

நீயும் ஆபீஸ்ல யார் என்ன நீட்டினாலும் படிக்காம தலையாட்டாதே. தலைக்கு எண்ணெய் வை, ஞாயித்துக்கிழமை மறக்காம போன் பண்ணு. ஒரு குறையும் இல்லாம நீ சிரிச்ச முகமா இருக்கணும்.

உன்னை வளர்த்த
சித்தி

அடடா, இப்போதான் ஞாபகம் வருது, பக்கத்தை ஆரம்பிச்சவ நீதானே, அந்த நோட்டீஸ்ல என் பேருக்கு மேலே உன் பேர்தான் இருந்தது.