கப்பல் வந்த வருஷம்

என் உயிர் மச்சான் மிக்கேலுக்கு,

நீ போன பிறகு இரண்டாவது மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது. இங்கே போர்ட் பிளேர் புரோத்ராபூரில் உன் தங்கச்சி ரோஸிக்கு முட்டுவலி, எனக்குக் கோபம். இரண்டுக்கும் மருந்து கேட்கவில்லை. நல்ல சேதியாக நாலு எழுத ஆசைதான். என்ன செய்ய, கையில் ஒன்றும் இல்லையே.

ஏலே, நீ செய்துவைத்துவிட்டுப் போன காரியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கண் மங்கிய வயதில், மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, நம் ரங்கத் படிப்பகத்துப் புத்தகங்களின் விவரத்தை எல்லாம் இணையத்தில் ஏற்றினாயே, அதைப் பற்றி. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம் என்று இருக்கும் அந்தத் தளத்தில். "ஒரு பைசா தரமாட்டான், எதுக்குலே இந்தப் பாடு?" என்று நான் கேட்டதற்கு, "புத்தகம் செல்லரிச்சாலும் பேராவது நிக்கும்லா" என்றாய். அந்தப் பெயர்தான் இப்போது போகப்போகிறது மச்சான்.

மதுரையிலிருந்து ஒரு பெண் உன் பேருக்கு எழுதியிருந்தாள், நான்தான் வாசித்தேன். அவளும் உன்னைப் போலச் சம்பளமில்லாமல் அந்தத் தளத்துக்கு உழைக்கிறவள். 'வெளியான ஆண்டு' என்ற இடத்தில் நீ போட்டதெல்லாம் தப்பாம். அவள் ஊர் நூலகத்தில் அதே புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ முன்னாலேயே அச்சாகியிருக்கிறது. ஒன்றில் அல்ல, பார்த்த எல்லாவற்றிலும். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. யார் வேலையில் யார் குற்றம் சொல்வது என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் சுருக்கென்று உறைத்தது.

அட பாவி மனுஷா, நீ கப்பல் வந்த வருஷத்தைப் போட்டிருக்கிறாய்!

ஞாபகம் இருக்கிறதா? எழுபதுகளின் தொடக்கம், நமக்கு மீசை கறுத்த வயது. மெட்ராஸிலிருந்து கப்பலில் போர்ட் பிளேருக்கு வரும் புத்தக மூட்டை, அங்கிருந்து மோட்டார் படகில் ரங்கத் வந்து சேரும். தகரக் கூரைப் படிப்பகத்தில் மூட்டையைப் பிரித்து, ஈரம் துடைத்து, ஒவ்வொரு புத்தகத்திலும் அன்றைய தேதியை முத்திரை குத்தினால்தான் உனக்குச் சோறு இறங்கும். முதல் பக்கத்தில் குத்தமாட்டாய், கரையான் முதலில் தின்பது அதைத்தான் என்று நடுப்பக்கத்தில் குத்துவாய். நீ சொன்னபடியே முதல் பக்கங்கள் போயின. அச்சான வருஷமும் அவற்றோடு போனது. உன் முத்திரை மட்டும் நின்றது.

நீ பொய் எழுதவில்லை. அது எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் பழசான செய்தித்தாளை "இன்னைக்குப் பேப்பர்" என்று அடித்துப் பிடித்து வாசித்தவர்கள் நாம். ஒன்று நம் தீவுக்கு வந்த நாள்தானே நமக்கு அது வெளியான நாள்?

இதைப் போனில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "புரியுது ஐயா. வேற நூலகத்துல இருக்கிற புத்தகத்துக்கெல்லாம் நாங்களே வருஷத்தைத் திருத்திட்டோம். எங்கேயும் இல்லாததுதான் பிரச்சினை. வருஷம் தெரியாட்டியும் பரவாயில்லை, புத்தகத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, போதும்" என்றாள். நல்ல பிள்ளை. அதுதான் எனக்கு ஆத்திரமே. திட்டவும் முடியவில்லை.

போட்டோதானே என்று பஸ் ஏறி ரங்கத் போனேன். உன் மகன் பூட்டிவிட்டுச் சென்னை போன வீடு பூட்டியபடியே கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஹல்தார் சாவி கொண்டுவந்து கொடுத்தார். படிப்பகத்துப் புத்தகங்களை நீ கொண்டுவந்து அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்தேன். கூரை ஒழுகி, கரையான் ஏறி, உள்ளே புத்தகம் என்று ஒன்றும் இல்லை மச்சான். வெறும் மண். கைவைத்தால் உதிர்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்வதற்கு எனக்கு என்ன வெட்கம்?

"அரே சூசை பாய், வோ பக்ரீவாலா கிதாப் பீ கயா?" என்றார் ஹல்தார். அந்த ஆட்டுப் புத்தகமும் போயிற்றா என்று கேட்கிறார். ஆட்டு நோய்க்குக் கைவைத்தியம் சொல்லும் ஒல்லிப் புத்தகம். நீ தமிழில் வாசித்து ஹிந்தியில் சொல்லச் சொல்ல, பெங்காலிக் குடும்பங்கள் எல்லாம் படிப்பகத்து வாசலில் உட்கார்ந்து கேட்டார்களே. அவருடைய ஆடுகள் அதில்தான் பிழைத்தன. எந்த நூலகத்திலும் அது இல்லையாம்.

நாங்கள் இரண்டு கிழவர்கள் சத்தியம் பண்ணினால் ஏற்பீர்களா என்று அந்த மதுரைப் பெண்ணிடம் கேட்டேன். "ஞாபகத்தை ஆதாரமா வைக்க முடியாதே ஐயா" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். வருஷம் தப்பென்று தெரிந்த பிறகு, யாரும் கண்ணால் காணாத புத்தகத்தை எதை நம்பி விட்டுவைப்பது? அதனால் அவற்றை எல்லாம் நீக்கப்போகிறார்கள். அதற்கப்புறம் நம் படிப்பகம் என்று ஒன்று இருந்ததற்கு என்ன மச்சான் மிச்சம்? நீ அத்தனை நாள் உட்கார்ந்து தட்டியதற்கு என்ன மிச்சம்?

"நாங்களே எடுத்துடுறோம், நீங்க பார்த்துக் கஷ்டப்பட வேண்டாம் ஐயா" என்றாள் கடைசியில்.

கேட்டதும் எனக்கு ஆஸ்பத்திரியில் உன் உடம்பைக் கிடத்தியிருந்த அந்தக் காலை நேரம்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் வார்டு ஊழியர் வாளியோடு வந்து, "நீங்க வெளிய இருங்க அங்கிள், நாங்களே குளிப்பாட்டிடுறோம்" என்றார். "என் மச்சானை நான் குளிப்பாட்டுவேன்" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டேன். காதுமடலுக்குப் பின்னால்கூட விடாமல் துடைத்தேன். உனக்குக் குளிருமே என்று பயந்துகொண்டே தண்ணீர் ஊற்றினேன்.

இதையும் நானே செய்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஜெபம் முடித்துவிட்டு உட்காருவேன். நீ ஏற்றியதில் போகவேண்டிய ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நீக்குவேன். ஆட்டுப் புத்தகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். ஒன்றிலும் பிறத்தியார் கை படாது மச்சான். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன், உன்னைக் குளிப்பாட்டிய மச்சான்,
சூசை