கொல்லைக் கதவின் அடி

சித்திரை 22, ஞாயிறு

கத்திரி வெயில் ஆரம்பம். காலை எட்டு மணிக்கே சுவரு கொதிக்குது.

எனக்கு எழுத்து வராது. பேத்தி போன்ல மைக்கைக் காட்டிக் குடுத்திருக்கு, பேசுனா அதுவே எழுதிக்குது. எழுதுனதைப் படிக்கவும் எனக்குத் தெரியாது. ஒருவகைக்கு நல்லது.

ஏசி மிஷின் நிக்கவே மாட்டேங்குது. ரூம்பு குளுந்தா தானா நிக்கணும், கொஞ்ச நேரம் கழிச்சு ஓடணும். பக்கத்து வீட்டுல அப்படித்தான். இங்க காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரே இரைச்சல். என் வீட்டுக்காரி பாக்கியத்துக்கு மாசியில நெஞ்சு ஆபரேசன். வேர்த்தா மயக்கம் வருது, குளுமையா வெச்சுக்குங்கன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குத்தான் இந்த மிஷின்.

ஊதுவத்தி கொளுத்தி எடுத்துக்கிட்டு ரூம்பைச் சுத்தி வந்தேன். பொக எங்க சாயுதோ அங்க சந்து.

தெரு ஜன்னல்: கண்ணாடி ஆடுது, அதைப் புடிக்கிற மக்கு பூரா உதிர்ந்துபோச்சு.
மேக்கால ஜன்னல்: கேபிள் ஒயர் மூலையில நுழைஞ்சு வருது, கதவு மூடாது. கேபிளை நிறுத்தி நாலு வருசம். ஒயர் மட்டும் குடியிருக்குது.
கொல்லைக் கதவு: பொக அப்படியே படுத்துடுச்சு. அடியில வெரலு நுழையுது.

கொல்லைக் கதவுக்கு ஊதுவத்தி வேணாம். எனக்கே தெரியும்.

"சாமி கும்புடுறியா, திருடன் தேடுறியா?" பாக்கியம் கட்டில்ல இருந்து.

சித்திரை 23, திங்கள்

ஒயரை அறுத்துட்டேன். ஜன்னல் மூடிச்சு. கண்ணாடிக்கு மக்கு வெச்சேன். கீலுக்கு எண்ணெ. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்குல கிழிச்சுக் கொல்லைக் கதவு அடியில அடிச்சேன். முப்பது வருசம் பஞ்சர் ஒட்டுன கை. ஆனா சந்து பெருசு, டியூபு தரையத் தொடாம நாக்கு மாதிரி தொங்குது. பழைய பொடவையச் சுருட்டி வெச்சேன்.

மிஷின் நிக்கல.

கடலூர்லேருந்து பையன் செல்வம் போன் பண்ணான். "பெரிய மிஷினா மாத்திடலாம்பா." சந்தை அடைக்காம எவ்ளோ பெருசு போட்டாலும் கொல்லைதான்டா குளுரும்னேன். "அப்ப அந்த மாமனைக் கேளு, அவன் இழைச்சு வெச்ச லட்சணம்தானே"ன்னான்.

காது கேக்காத மாதிரி போனை வெச்சுட்டேன்.

சித்திரை 24, செவ்வாய்

மத்தியானம் பாக்கியம் மயங்கிட்டா. கரண்டு அரை மணி நேரம் போச்சு. உள்ள இருந்த குளுமை அஞ்சு நிமிசம் தாங்கல, அந்தச் சந்து வழியா அனலு அடிச்சு ஏறிடுச்சு. மூஞ்சில தண்ணி தெளிச்சு, ஆட்டோ புடிச்சு, ஆஸ்பத்திரி. ரெண்டு மணி நேரம் படுக்க வெச்சாங்க. சாயங்காலம் வீடு.

கண்ணு முழிச்சதும் கேட்டது: "தம்பிக்குச் சொன்னியா?"

தம்பின்னா பக்கிரி, என் மச்சான். மர ஆசாரி வேலை, கடலூர் ஓல்டு டவுன்ல இருக்கான். ஆபரேசனப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தான். தைக்கு அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறல.

இந்தப் போன்கிட்டயாவது நெசத்தைச் சொல்லிடுறேன். யாரும் பாக்கப்போறதில்ல.

கார்த்திகை அடைமழை. கொல்லைக் கதவு ஊறிப்போயி தரையில இழுத்துச்சு, பாக்கியத்தால தொறக்க முடியல. பக்கிரி வந்து பாத்தான். "மழைத்தண்ணி குடிச்ச மரம் மாமா, இப்ப கை வெக்காத. தை வரைக்கும் பொறு, தானா இறங்கிடும்." நல்லாத்தான் சொன்னான். இழைப்புளியை மறந்து வெச்சுட்டுப் போயிட்டான். எனக்குப் பொறுக்கல. மறுநாளு கதவைக் கழட்டி நானே இழைச்சேன். ஜாஸ்தியா. வெயிலு வந்ததும் மரம் இறுகி, நான் சீவுனதும் சேந்து வெரக்கடை சந்து.

தையில சந்தைப் பாத்துட்டு செல்வம் யாரு இழைச்சதுன்னு கேட்டான். "ஒங்க மாமன்"ன்னு வாயில வந்துடுச்சு. அவன் போன்ல பக்கிரியைக் கண்டபடி பேசுனான். நான் பக்கத்துலதான் நின்னேன், சந்தையில நிக்கிற மாடு மாதிரி.

சித்திரை 26, வியாழன்

பஸ்ல கடலூர் போனேன். உக்கார எடமில்ல, புவனகிரி வரைக்கும் நின்னுக்கிட்டே. சொல்லவேண்டியதை மனசுக்குள்ள நாலு தடவை சொல்லிப் பாத்தேன்.

பக்கிரி பட்டறையில ஜன்னல் சட்டம் பூட்டிக்கிட்டு இருந்தான்.

"வா மாமா. வழி தெரிஞ்சுதா?"

"அக்காவுக்கு மயக்கம் வந்துடுச்சு மச்சான்."

சுத்தியலைக் கீழ வெச்சான். எல்லாம் கேட்டான். கதவைப் பத்தி மட்டும் கேக்கல. "நாளைக்கு வரேன்."

நாலு தடவை சொல்லிப் பாத்தது ஒண்ணும் வெளிய வரல. டீ குடிச்சேன். வந்துட்டேன்.

சித்திரை 27, வெள்ளி

பத்து மணிக்கு பக்கிரி. லீவு போட்டு செல்வமும் வந்துட்டான். மாமனும் மருமவனும் மூஞ்சி பாத்துக்கல.

கதவைக் கழட்டிப் படுக்கப்போட்டான். அடியைத் தடவிக்கிட்டே வந்தவன் ஒரு மூலையில நிறுத்துனான். அங்க மரம் பிஞ்சு செதிலா நிக்குது. வேலை தெரிஞ்சவன் முனையைத் தாண்டி இழைக்க மாட்டான். அதுவும் இடதுகைக்காரன் தள்ளுற பக்கம். இந்த வீட்டுல இடதுகை நான் ஒருத்தன்தான். என்னை ஒரு பார்வை பாத்தான்.

செல்வம்: "என்ன மாமா, ஒன் வேலை ஒனக்கே புடிக்கலையா?"

பக்கிரி தலைய நிமித்தாம, "ஆமாம்பா. அன்னிக்கு அவசரம்."

கொல்லைக்கும் ரூம்புக்கும் ரெண்டு தடவை நடந்தேன். மூணாவது தடவை சொல்லிட்டேன்.

"நான் இழைச்சதுடா. மாமன் வேணாம்னான். நான்தான் பொய் சொன்னேன்."

செல்வம் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் போயி கதவோட மறு தலைப்பைப் புடிச்சான்.

உள்ளேருந்து பாக்கியம்: "தை மாசமே சொல்லித் தொலைச்சிருக்கலாம். இழைச்ச தூளை அன்னிக்கு யாரு கூட்டுனான்னு நெனைக்கிற?"

பக்கிரி அடியில புதுசா ஒரு கட்டை சேத்தான். முழுசா தரைக்கு எறக்கல. "ஐப்பசியில மறுபடி ஊறும். மீதியை ரப்பரு பாத்துக்கும்." நெலையைச் சுத்தி ரப்பர் பட்டை. கிளம்பறப்ப இழைப்புளியைத் தேடி எடுத்துப் பையில போட்டுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சான். "இது இங்க இருக்கக் கூடாது மாமா. கொழந்தைங்க இருக்கிற எடம்."

"சாப்பிடாம எங்கடா போற?" பாக்கியம்.

உக்காந்தான்.

மூணு மணி இருக்கும். திடீர்னு வீடே அமைதி. கரண்டு போச்சோன்னு பாத்தேன், லைட்டு எரியுது. மிஷின் நின்னிருக்குது.

பாக்கியம் போர்வை கேட்டா.