சேமிக்கும் இடத்தில் ஒரு பழைய வரி

7 சனி
காலையிலிருந்தே புழுக்கம். திருநின்றவூரில் கரண்ட் இரண்டு தடவை போனது.

வேலை: மண்ணூர்பேட்டை தனசேகர் அண்ணன் லேத் பட்டறையில் கடையும் பாகங்களின் அளவைப் பதிய நான் எழுதிக் கொடுத்த மென்பொருளை லினக்ஸுக்கு மாற்றுவது. அங்கே விண்டோஸ் கம்ப்யூட்டர் புட்டுக்கொண்டது. புதிதாக வாங்கியதில் லினக்ஸ்.

என்னுடையதோ முழுக்க விண்டோஸை நம்பி எழுதியது. ஆபீஸ் பாலு போனில் சிரிக்கிறான். "எல்லாத்தையும் ரெண்டு தடவ எழுதப் போறீங்களாக்கா? இதுக்குன்னே ஓப்பன் சோர்ஸ்ல லைப்ரரி கீது. அதாண்ட சொல்லுங்க, விண்டோஸோ லினக்ஸோ அது பாத்துக்கும்."

அடுத்தவர் எழுதிவைத்த நிரலை நம்பி இறங்க எனக்குப் பிடிக்காது. ஆனாலும் இறங்கினேன்.

8 ஞாயிறு
ஓடுகிறது! நான் எழுதிய ஆயிரத்துச் சொச்சம் வரிகள் போய், லைப்ரரியைக் கூப்பிடும் முந்நூறு வரிகள். வயிற்றெரிச்சல்தான்.

மாலை பட்டறையைத் திறக்கச் சொல்லி, புதுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வைத்திருந்த பதிவெல்லாம் திறந்தது. வரும்போது தயிர் வாங்க மறந்தேன்.

11 புதன்
வெயில். ரயிலில் நிற்க இடமில்லை. தனசேகர் அண்ணன் போன். திங்கள், செவ்வாய் அளவு ஒன்றுகூடப் பதிவில் இல்லையாம். தட்டுவது அங்கே வேலை பார்க்கும் முனுசாமி அண்ணன். பின்னால் அவர் குரல்: "அட்ச்சேன் அண்ணாத்தே, சாமி சத்தியமா அட்ச்சேன்."

"சாப்ட்வேர்ல எதுனா கோளாறாம்மா?" என்றார் தனசேகர் அண்ணன்.

"இல்லண்ணா, செக் பண்ணித்தான் குடுத்தேன். அவரு சேவ் பண்ணாம விட்டிருப்பாரு."

யோசிக்காமல் சொன்னேன்.

12 வியாழன்
முனுசாமி அண்ணனை நேற்றே நிறுத்திவிட்டாராம். இனி வராதே என்று.

மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நிரலைத் திறந்து பார்த்தேன். படிப்பதெல்லாம் லைப்ரரி வழியாக. சேமிக்கும் இடத்தில் மட்டும் என் பழைய வரி, அப்படியே: டி டிரைவ். சி-யில் வைத்தால் ஃபார்மேட் அடிக்கும்போது போய்விடும் என்று கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து எனக்கு எல்லாம் டி-தான். ஊரில் யாருக்குத்தான் அப்படி இல்லை? லினக்ஸில் ஏது டி? அது ஒரு வார்த்தை மறுக்காமல், அந்தப் பாதையையே கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு எங்கோ ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கும்.

பழையது திறக்கிறதா என்று பார்த்தவள், புதிதாக ஒரே ஒரு அளவு தட்டிப் பார்த்தேனா? ச்சே. இந்த லட்சணத்தில் பழி அவர் மேல்.

13 வெள்ளி
அரை நாள் லீவு. பட்டறை. கோப்பு கிடைத்தது. இரண்டு நாள் அளவும் இருந்தது, ஒன்று விடாமல். அந்த வரியையும் லைப்ரரியிடமே விட்டேன். நான்கு அளவு தட்டி, மூடித் திறந்து பார்த்தேன். இருந்தது.

நான் சொல்லி, முனுசாமி அண்ணனை வரவழைத்திருந்தார்கள். தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவமானமாக இருந்தது.

"சரி உடு முனுசாமி, வேலைய பாரு" என்றார் தனசேகர் அண்ணன்.

முனுசாமி அண்ணன் அசையவில்லை. என்னிடம், "குடிச்சிட்டு வேலைய கோட்ட உட்டுட்டேன்னு ஊட்ல ரெண்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேசல. பின்னாடி தெருவுலதான் ஊடு கீது. அவளாண்ட வந்து இத்த சொல்றியாம்மா?" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.