கூப்பிடு தூரத்தில் பச்சை

ஜூன் 9, 1998. செவ்வாய்

மலையை விற்றுச் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த ஆபீஸில் ஏழு பேர். நான் எட்டாவது.

புது மென்பொருள் இன்று வந்து சேர்ந்தது. கூடவே அதைப் பிரதிஷ்டை செய்ய சென்னையிலிருந்து ரகுநந்தன் என்று ஒருவர். மலை ஊர்க் கர்ப்பிணிகளுக்கான எங்கள் திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் பெரிய இடம் இனிமேல் தாள் அறிக்கை படிக்காதாம். படம்தான் பார்க்குமாம்.

ஏற்காட்டில், ஜூன் மாதத்தில், ஏசி போட்ட அறை. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி இலவசமாக வரும். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது, ஜன்னல் பூட்டியே இருக்க வேண்டும், செருப்பை வெளியே கழற்ற வேண்டும். சாம்பிராணி மட்டும்தான் பாக்கி. ரகுநந்தன் என்னை மிஸ் மருதா என்கிறார். மருதாயி என்று முழுசாகச் சொன்னால் நாக்கில் மண் ஒட்டிவிடும் போல.

படத்தைத் திறந்து காட்டினார். சேர்வராயன் மலை முழுவதும் ஊர் ஊராகத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு நிறம். நர்ஸ் பக்கத்தில் இருக்கும் ஊர் பச்சை, நர்ஸ் எட்டாத ஊர் சிவப்பு, நடுவில் மூன்று நிறங்கள். ஓர் ஊரின் மேல் மவுஸை வைத்து அழுத்தினால் பெட்டி ஒன்று விரிகிறது: எத்தனை வீடு, எத்தனை கர்ப்பிணி, நர்ஸ் எவ்வளவு தூரம். கோடையெல்லாம் உட்கார்ந்து நான் தட்டிய எண்கள்தான் இப்படி நிறமாகி நிற்கின்றன. முதல் தடவை அழுத்தியபோது எனக்கும் பிடித்திருந்தது. அதுதான் எரிச்சல்.

எல்லா ஊரும் இருக்கிறது. மலை மட்டும் இல்லை. மேடும் பள்ளமும் இல்லாமல் கோலமாவு கொட்டிய தரை மாதிரி கிடக்கிறது.

ஜூன் 11

மீட்டிங். டைரக்டர் பேசிய நேரமெல்லாம் திரையைப் பார்த்தே பேசினார். அப்பன் பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

முடிவு: திட்டத்தின் ஒரே ஜீப், ஜெயமேரி சிஸ்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற ஜீப், அடுத்த மாதத்திலிருந்து சிவப்பு ஊர்களுக்கு மட்டும். டீசலும் அதற்கு மட்டும். "இனிமே யார் அழறாங்கன்னு பார்த்து வண்டி அனுப்ப மாட்டோம். படம் சொல்லும்."

படம் சொல்வதைப் பார்த்தேன். பெலாக்கொம்பை பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, கண்ணைக் குத்தும் பச்சை.

ஆராயி அந்த ஊரில்தான் இருக்கிறாள். பத்தாவது வரை என் பெஞ்சு. முதல் பிரசவத்துக்கு, இந்த ஜீப் வருவதற்கு முன்னால், அவளைத் தூளி கட்டி மூங்கிலில் தூக்கிக்கொண்டு பள்ளம் இறங்கினார்கள். ஓடைக்கரையிலேயே பிள்ளை பிறந்தது. ஓடையைத் தாண்டும் முன் போய்விட்டது. இப்போது மறுபடி ஏழாவது மாதம். ஜீப் நின்றால் மறுபடி தூளிதான். இந்தத் தடவை மழைக்காலம்.

ஜூன் 12

ரகுநந்தனிடம் கேட்டேன், அந்த ஊர் எப்படிப் பச்சை?

"அவங்களே சொன்னதுதான் மிஸ் மருதா. நர்ஸ் எவ்வளவு தூரம்னு சர்வே பசங்க கேட்டாங்க. கூப்பிடு தூரம்னு ஊரே சொல்லிருக்கு. கூப்பிடு தூரம்னா என்ன, ஒரு அரை கிலோமீட்டர்? அப்படித்தான் போட்டுக்கச் சொன்னோம்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கூப்பிடு தூரம்தான். யார் இல்லை என்றது? பெலாக்கொம்பைப் பாறையில் நின்று கத்தினால் எதிர்மலை ஆத்துமேட்டில், நர்ஸ் இருக்கும் ஊரில், கேட்கும். மலைக்காரர்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். மாடு காணோம், கல்யாணத்துக்கு வா, எல்லாம் குரல்தான். குரலுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் தெரியாது. காலுக்குத் தெரியும். இறங்கி, ஓடை தாண்டி, ஏறிப் போக அரை நாள். வயிற்றுக்காரி என்றால் பொழுதே போய்விடும்.

அவர்கள் குரலுக்குத் தூரம் சொன்னார்கள். இவர்கள் காலுக்கு எழுதிக்கொண்டார்கள்.

ஜூன் 14, ஞாயிறு

பெலாக்கொம்பை போய் வந்தேன். ஆராயி கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்புள்ள, நீதான கம்ப்யூட்டர்ல எழுதுற? எழுதுறப்ப ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"எனக்கு வெறும் நம்பரா வந்துச்சு ஆராயி. அரைன்னு வந்துச்சு, அரைன்னு தட்டுனேன்."

"அரையாமா அரை. அந்த அரைய அளந்தவன இங்க கூட்டியா. எம்பட வகுத்தையும் தூக்கிட்டு ஒருக்கா எறங்கி ஏறட்டும். அப்பறம் பச்சையோ மஞ்சளோ பூசிக்கட்டும்."

அவள் புருஷன் மாதப்பன் சிரித்தான். அவனுக்கு இன்னும் புரியவில்லை. "பச்சைனா நல்லதுதானுங்களே?" என்று என்னைக் கேட்டான்.



ஜூன் 15

டைரக்டரிடம் போனேன். நடந்தால் அரை நாள் சார் என்றேன்.

"டேட்டா இருக்காம்மா?"

"நானே நடந்திருக்கேன் சார்."

"அது உன் உணர்ச்சி. நான் கேட்டது டேட்டா." பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, அடுத்த வருஷம் மறுசர்வே வரும், அப்போது சரியாகிவிடும் என்றார். ஆராயியிடம் சொல்லிப் பார்க்கிறேன், அடுத்த வருஷம் வரை அடக்கி வைத்துக்கொள் என்று.

இவர் ஏற்காட்டுக்கு வந்து நாலு வருஷம். ஏரிப் பக்கத்து ஒண்டிக்கடை முக்கைத் தாண்டி இவர் செருப்பு போனதில்லை. ஏரியைச் சுற்றி நடப்பார், மப்ளர் கட்டிக்கொண்டு. அது அவருடைய களப்பணி.

ஜூன் 16

அரை என்று இருந்ததை அழித்து ஒன்பது என்று தட்டினேன். பெலாக்கொம்பை சிவந்தது.

ஜூன் 19

டில்லியிலிருந்து பார்வையாளர்கள். முந்திரி, பிஸ்கட், எஸ்டேட் காப்பி. அந்தக் காப்பியைப் பறித்த கைகளில் ஒன்று என் அம்மாவுடையது. மவுஸ் என் கையில் இருந்தது.

பட்டுப்புடவை அம்மாள் ஒருத்தி விரலை நீட்டி, அந்தச் சிவப்பு என்ன என்றாள். பெலாக்கொம்பை. அழுத்தினேன், பெட்டி விரிந்தது.

ரகுநந்தன் இமைக்கவில்லை. அங்கே மக்கள் பின்தங்கியவர்கள், நிறுவனங்களை நம்பமாட்டார்கள், ஆகவே ஒதுங்கி வாழ்கிறார்கள் என்று விளக்கினார். போன வாரம் இதே வாய், இதே ஊரை, விழிப்புணர்வு மிக்க ஊர் என்று சொன்னது. எண் மாறியது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எந்த நிறம் வந்தாலும் அதற்கு ஒரு காரணம் அவர் பையில் இருக்கிறது.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சீ.

ஜூலை 9, வியாழன்

ஜீப் பெலாக்கொம்பை போனது. நானும் ஏறிக்கொண்டேன், கள ஆய்வு என்று எழுதிவிட்டு.

டிரைவர் மரியதாஸ் அண்ணன் வழியெல்லாம் கிண்டல். "கம்ப்யூட்டரு இந்த ஊருக்குப் போகச் சொல்லிருச்சாமா கண்ணு? நா போன மாசம் வரைக்கும் இங்கதான வந்துட்டிருந்தன். அதுக்கு ரோடு தெரியாம எங்கயோ சுத்திட்டு இப்பத்தான் வந்து சேந்திருக்குது பாரு."

ஜெயமேரி சிஸ்டர் ஆராயி வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வாராவாரம் பார்க்க வேண்டும், ஆகஸ்டில் சேலத்துக்கு முன்கூட்டியே கொண்டுபோய்விடலாம் என்றார். ஜீப் நின்றிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆராயி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். "படத்துக்கும் ரெண்டு குடு," என்றாள்.

நான் செய்தது தப்பு என்று எவனாவது சொல்லட்டும், பார்க்கிறேன்.

ஜூலை 14

மத்தியானம் வாசலில் சத்தம். கருங்கொல்லையிலிருந்து ஒருவன். சித்தன் என்று பெயர். மஞ்சக்குட்டைக்கு வந்து பஸ் பிடித்து வந்திருக்கிறான். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறான், சித்தன் செருப்பே போட்டிருக்கவில்லை. காலைக் கழற்ற முடியாதல்லவா.

நான்தான் வெளியே போனேன்.

"ஏனுங்க, போன வாரம் சீப்பு வண்டி வரலீங்க. இந்த வாரமும் வராதுங்கறாங்க. எங்கூட்டுக்காரிக்கு மாசம் எட்டுங்க. காலு ரெண்டும் நொம்ப வீங்கிக் கெடக்குதுங்க."

கருங்கொல்லை சிவப்புதானே என்றேன். சிவப்பு என்றால் அவனுக்கு என்ன தெரியும். முழித்தான். உள்ளே வந்து படத்தைத் திறந்தேன்.

கருங்கொல்லை ஆரஞ்சு.

அந்த ஊரின் எண்ணை யாரும் தொடவில்லை. ஏழு கிலோமீட்டர். அன்றைக்கும் ஏழு, இன்றைக்கும் ஏழு. பின்னே எப்படி?

ஜூலை 15

எப்படி என்று ரகுநந்தன் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார், இவ்வளவு நாளாக யாரும் கேட்கவில்லையே என்ற ஏக்கத்தோடு.

சிவப்பு என்பது ஒரு தூரம் இல்லை. ஒரு பங்கு. எல்லா ஊரையும் தூர வரிசையில் நிறுத்தி, மென்பொருள் ஐந்தாகப் பிரிக்கும். கடைசிப் பங்கு சிவப்பு. எப்போதும் அதே அளவு. புதிதாக ஓர் ஊர் உள்ளே வந்தால் ஓரத்தில் நிற்கிற ஊர் வெளியே விழும்.

"அப்ப எல்லா ஊருக்கும் நர்ஸ் இல்லேன்னா?"

"அப்பவும் ஐந்தில் ஒண்ணுதான் சிவப்பு. எல்லாம் சிவப்பா இருந்தா படம் நல்லாருக்காது மிஸ் மருதா. பேலன்ஸ் வேணும்ல."

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கருங்கொல்லைக்குப் பத்து என்று தட்டினேன். சிவந்தது. மூலையில் வேறொரு ஊர் ஆரஞ்சானது. அதற்கும் ஒரு பெயர் உண்டு, அந்த ஊரிலும் ஒருத்தி இருப்பாள். அதைச் சிவப்பாக்கினேன், இன்னொன்று விழுந்தது. ரயிலில் நாலு பேர் சீட்டில் ஐந்தாவது ஆள் உட்கார்ந்தால் இந்த ஓரத்தில் ஒருவன் விழுவானே, அப்படி. எல்லா எண்ணையும் பழையபடி போட்டேன். பெலாக்கொம்பையைத் தவிர. அதன் மேல் விரல் நின்றது. ஆராயி வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது. எடுக்கவில்லை.

ஆக, சித்தன் வீட்டு ஜீப்பைத்தான் நான் ஆராயிக்குக் கொடுத்திருக்கிறேன். டைரக்டர் ஜீப்பை இல்லை. அவருக்கு ஒன்றும் குறையவில்லை. கஷ்டப்படுகிறவனிடமிருந்து பிடுங்கித்தான் கஷ்டப்படுகிறவனுக்குக் கொடுக்க முடியும் என்று ஒரு எந்திரத்தைச் செய்து, அதற்கு ஏசியும் போட்டு வைத்திருக்கிறார்கள். த்தூ.

ஜூலை 17

டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணை மாற்றியதையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

எழுந்து கதவைச் சாத்தினார். முகம் வெளுத்துப்போனது. சித்தன் பெண்டாட்டியை நினைத்து அல்ல.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாதே. படம் டில்லிக்குப் போயாச்சு. அதுல பெலாக்கொம்பை சிவப்பு. இனிமே அது சிவப்புதான்."

என்னை வேலையை விட்டு அனுப்பமாட்டார். அனுப்பினால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் படம் பொய்யாகிவிடும். வெற்றிகரமான பொய்யின் உத்தியோகஸ்தி நான், இன்று முதல் நிரந்தரம்.

இரண்டே இரண்டு கேட்டேன். "ஐந்தில் ஒரு பங்குங்கிறதை எடுத்துடச் சொல்லுங்க சார். நர்ஸ் இல்லாத ஊர் எல்லாம் சிவப்புன்னு போடுங்க. கருங்கொல்லைக்கு இந்த வாரமே ஜீப் அனுப்புங்க."

போன் அடித்தது. எடுத்து, கையால் என்னைப் போகச் சொன்னார்.

ஜூலை 20

எழுதியும் கொடுத்தேன். பதில் இல்லை.

ஜூலை 22

பதில் இல்லை. ரகுநந்தன் நிறங்களை மாற்றிக்கொண்டிருக்கிறார். சிவப்பு கண்ணை உறுத்துகிறதாம், செங்கல் நிறம் போடப்போகிறார்.

ஜூலை 23, வியாழன்

இன்றும் ஜீப்பில் பெலாக்கொம்பை. மழை விட்டு, மலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. சிஸ்டர் ஆராயியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்றார். மாதப்பன் சாமி கும்பிட்டான். நான் பாறைப் பக்கம் வந்து நின்றேன்.

ஆத்துமேட்டுப் பக்கம் இல்லை, வடக்கே இன்னொரு மலையில் புகை தெரிந்தது. அங்கே இருக்கும் ஊர் எது என்று மரியதாஸ் அண்ணனைக் கேட்டேன்.

"கருங்கொல்லைதான் கண்ணு. வேற என்ன."

படத்தில் இரண்டும் தனித்தனி மூலையில் இருக்கும். இங்கிருந்து பார்த்தால் கூரை தெரிகிறது, ஆடு தெரிகிறது. நடுவில் பள்ளம். ஜீப் போக வேண்டும் என்றால் திரும்பி மஞ்சக்குட்டை வழியாகச் சுற்ற வேண்டும்.

"போலாம்ண்ணே," என்றேன். "இப்பவே."

"டீசல அளந்துதான் ஊத்துறாங்க. சுத்தப் போனா பாதி ரோட்ல நிப்போம். சிஸ்டரையும் வெச்சிக்கிட்டு நடுக்காட்ல நிக்கச் சொல்றியா?"

அப்போது அந்த மலையிலிருந்து குரல் வந்தது. அங்கிருந்தும் ஜீப் தெரியுமே. வெள்ளை ஜீப்.

"மருதாயீ... எங்கூருக்குச் சீப்பு எப்ப வரும்..."

சித்தன். அன்றைக்கு வாசலில் என் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறான். முழுப் பெயரும் சொன்னான், ஓர் எழுத்து விடாமல். பக்கத்தில் நின்று கேட்பது போல அவ்வளவு தெளிவு.

மரியதாஸ் அண்ணன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "பதில் சொல்லு கண்ணு. கூப்பிடு தூரந்தான."

பாறையின் விளிம்புக்குப் போனேன்.

மறுபடியும் அதே குரல்.

"கேக்குதுங்களா... எப்ப வரும்..."