மண் தொடாத குலமலர்

வளம் பொலிக. எல்லை காக்கும் குன்றுகள் அனைத்துக்கும் உரியவரும், ஒருமுறை உரைத்த சொல்லை மறுமுறை எண்ணிப் பார்த்தும் அறியாதவருமாகிய குன்றவூர் வேள் நெடுங்கீரனாரின் திருமுன்பு, அவர்தம் தங்கையும் நீர்ப்பாழி நாட்டின் அரசியுமாகிய அல்லியங்கோதையார் விடுக்கும் ஓலை. அரசியார் சொல்லக் கேட்டு எழுதியவன் ஓலைநாயகம் நக்கன் பூதன். தங்கள் அருவிகள் வற்றாதிருக்க. தங்கள் மனையும் மக்களும் நோய் அறியாதிருக்க. இங்கே அவ்வாறு எழுதுவதற்கில்லை.

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று குடிகள் வழங்கும் பொற்றலைக் கையானை, வரப்போரத்தில் எருமை மிதிக்கக் கிடந்த அந்தச் சிறு பூவை, மறைந்த மன்னர் கோ வயமானார் தம் குலமலராக்கியதும், அரசர்க்குரியது பிறர் வரப்பில் பூத்தலாகாது என்று ஆணை பிறப்பித்ததும் தாங்கள் அறிந்ததே. நீர்ப்பாழியின் வாய்க்கால் கரைகளில் இருந்தவை எல்லாம் வேரோடு அகழப்பட்டு அரண்மனைத் தோட்டம் சேர்ந்தன. மைத்துனரின் மகிழ்ச்சியைப் பெரிதென எண்ணிய தாங்களும், தங்கள் ஓடைக்கரைகளில் இருந்ததை ஒரு கணுவும் விடாமல் பிடுங்குவதாகச் சொல்லி, சொன்னபடியே யானைகளில் ஏற்றி அனுப்பினீர்கள். அரசியார் மாடத்தில் நின்று கண்டு மகிழ்ந்தார். அண்ணன் சீர் அல்லவா.

இந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரச உடைமை எதுவும் மண்ணைத் தொடலாகாது. மன்னரின் வாளும் குடையும் நிலத்தில் வைக்கப்படுவதில்லை. ஆதலால் குலமலரின் தண்டுகள் தரையில் படரும் முன்பே தூக்கி, மூங்கிற் கொம்புகளில் பட்டுநூலால் கட்டப்பட்டன. அக்கொடியோ கணுதோறும் மண்ணைத் தொட்டு, தொட்ட இடத்தில் வேர்விட்டு, முதிர்ந்த தண்டு மடியும் முன் புதியது ஊன்றி, ஆண்டாண்டாய்ப் பிழைக்கும் சாதி. இதை அறியாதவர் இந்நாட்டில் எவருமிலர். அறிந்தும் வாய் திறவாதது ஏன் என்று அரசியார் பின்னாளில் வினவியபோது, தலைக்கு மேல் இன்னொரு தலை இருந்தால் சொல்லியிருப்பேன் என்று தோட்ட மேற்காப்பாளர் வடுகனார் பணிந்துரைத்தார்.

கோடையில் குலமலர் கட்டிய கட்டோடு நின்றபடியே காய்ந்தது. அடுத்த மழைக்குப் பின் ஊருக்குள் காமாலை புகுந்து, மன்னரையே முதலில் கொண்டு போயிற்று. இப்போது இளவரசர் இளங்கண்ணனின் கண்களும் மஞ்சளித்துவிட்டன. கீழாநெல்லி கொடுத்தாயிற்று, நோய் நிற்கவில்லை. பொற்றலைக் கையான் ஒரு பிடி கிடைத்தால் முயன்று பார்க்கலாம், அதுவும் உறுதியில்லை என்று மருத்துவர் கொற்றனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூறினார். பிள்ளையோ, எழுந்ததும் மாமன் ஊர் அருவிக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறான். அரசியார் ஆம் என்கிறார். வேறு என்னதான் சொல்வார்?

பழைய ஆணையை நீக்கி அரசியார் முரசறையச் செய்தார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஒளித்து வைத்தவர் எவராயினும் அஞ்சாமல் கொண்டுவரலாம், தண்டமில்லை என்றும், கொண்டு வருவோர்க்கு ஊரே இறையிலியாகத் தரப்படும் என்றும் அறையப்பட்டது. ஒருவரும் வரவில்லை. அரசியார் தாமே பல்லக்கை விட்டிறங்கி, சேற்றில் வெறுங்காலுடன் வரப்பு வரப்பாகத் தேடி, மாலையில் வெறுங்கையுடன் திரும்பினார். இந்நாட்டுக் குடிகள் அத்தனை பேரும் ஆணைக்கு அடங்கிய நல்லவர்கள்.

தங்கள் குடிகளும் அத்தகையோரே என்பதை அரசியார் அறிவார். அண்ணன் சொல் பிழைக்காது என்று பிறந்தகத்துப் பெருமை பேசியே வாழ்ந்தவர், இன்று அதை எண்ணித்தான் நடுங்குகிறார். நம்பிக்கை இருந்து இவ்வோலை எழுதப்படவில்லை. எழுதாமலிருக்க ஒரு தாயால் இயலவில்லை.

ஆதலின், தங்கையாக வேண்டுவதை விடுத்து, அரசியாக அவர் ஆணையிடுவது யாதெனில்: ஓலை கண்ட பொழுதே ஓடைக்கரைகள் எல்லாம் தேடப்படுக. அன்று தங்கள் கட்டளையை மீறி எவனேனும் ஒரு தண்டைப் பிடுங்காமல் விட்டிருப்பின், அவனைத் தண்டியாதொழிக. அரசியார் பொருட்டு அவனை வணங்குக. அத்தண்டை ஈரமண்ணோடு விரைபரியில் அனுப்புக.

இளவரசரின் கணையாழியால் முத்திரை இடப்பட்டது. விரல் மெலிந்திருந்தமையால் அது எளிதில் கழன்றது. தங்கள் நாட்டில் சொல் கேளாதவன் ஒருவனாவது வாழ்க.