அத்தையின் வலது கால்

அத்தைக்கு,

இன்று டியூஷன் முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் கருப்பட்டிக் காப்பி கொதிக்கும் வாசம். சைக்கிள் தானாக நின்றது. நான் பிரேக் பிடிக்கவேயில்லை. நம் கூட்டுக் குற்றத்தின் வாசமாயிற்றே!

அப்போது உங்கள் வலது முழங்காலுக்குக் கீழே கட்டி. ஆபரேஷனுக்கு முன் கீமோ ஏற்றியும் அது சிறுக்கவில்லை. மருந்து கேட்கவில்லையென்றால் காலையே எடுக்கவேண்டும் என்ற டாக்டர், புதிதாக வந்திருக்கும் ஸ்கேனில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். அது அளவோடு கட்டியின் பசியையும் பார்க்கும். ஊசியில் போகும் இனிப்பைத் தின்று உயிருள்ள கட்டி ஒளிரும். செத்தது இருண்டு கிடக்கும்.

உடன்குடியில் கடையைச் சாத்திவிட்டு முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வெறும் வயிறு, சீனி கூடவே கூடாது என்றது சீட்டு. சீனி டப்பாவை நான் பரணில் ஒளித்தேன். விடிந்ததும் உங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தேன்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ் அக்கா முறைத்தார். "என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா, வெறும் காப்பி. சீனியத் தொடவே இல்ல, கருப்பட்டிதான்."

"கருப்பட்டி இனிக்காதா?"

"அது மருந்துல்லா!"

கருப்பட்டிக் கடைக்காரியிடம் வேறென்ன பதில் வரும்?

ஸ்கேன் நான்கு நாள் தள்ளிப்போனது. அந்த நாட்களில் நான் ஒரு சேட்டையும் செய்யவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நீங்கள் திட்டியிருந்தால் தேவலை. "ஏளா, நீ போட்டே, நான் குடிச்சேன். பாதிப் பாதி" என்றீர்கள்.

மறுமுறை ஸ்கேன் முடிந்ததும், ஊசி மருந்தின் கதிர்வீச்சு உடம்பில் இருக்கும், பிள்ளைகள் பக்கம் சில மணி நேரம் போகவேண்டாம் என்றார்கள்.

"அத்த, நீங்க இப்ப குட்டிக் கூடங்குளம். தள்ளி நில்லுங்க."

"கிட்ட வாளா, ஒனக்கும் கொஞ்சம் கரண்டு தாரேன்."

படத்தில் கட்டி அதே அளவு. உள்ளே மட்டும் இருட்டு. மருந்து கேட்டிருந்தது! கட்டியை மட்டும் எடுத்தார்கள். கால் உங்களோடு வீட்டுக்கு வந்தது. நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன நாள்வரை, இரண்டு வருடம், நீங்களே நடந்துபோய்க் கடை திறந்தீர்கள்.

உங்கள் நினைவாக ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் இருப்பது ஓர் உதை.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம். அடுப்படியில் உங்கள் நொண்டி நடையை அம்மாவுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா எனக்குப் பின்னால் பார்த்தாள். அதற்குள் இடுப்பில் விழுந்தது. மாவுச் சட்டியோடு நான் தரையில்.

"எந்தக் காலுன்னு பாத்தியாளா?"

பார்த்தேன், அத்தை. முகமெல்லாம் மாவு, கண்ணெல்லாம் தண்ணீர். உதைபட்டதற்குச் சாமிக்கு நன்றி சொன்னது அன்றுதான்.