வலது காலின் அளவு

அடுத்த வீட்டுக் கல்யாணப் பந்தலுக்கு இன்று காலை பச்சைத் தென்னை ஓலை கிழித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். திட்டாமல் இருக்கிற அளவுக்கு நீ எனக்கு நல்லது எதுவும் செய்துவிடவில்லை.

ஒரே கொட்டகையில் ஒரே துருத்தியை வைத்துப் பிழைத்தோம். நீ கோயில்களுக்குப் பஞ்சலோக விக்கிரகம் வார்த்தாய். நான் ஓட்டைக் குடத்தையும் உடைந்த விளக்கையும் பற்றவைத்து ஒட்டினேன். பட்டுக்கடை முதலாளி ஒருவர் முறிந்துபோன தன் சைக்கிளை உன்னிடம் தூக்கிக் கொடுத்தார். சக்கரமும் சங்கிலியும் நன்றாக இருந்தன, பிரேம்தான் போய்விட்டது. "பிரேமு புதுசா செஞ்சுடலாம்பா. வண்டி உனக்குத்தான்" என்றாய்.

நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். என் இடது கால் பிறவியிலேயே குட்டை. பிரசவத்துக்குப் போன என் மனைவி சின்ன காஞ்சிபுரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பெண் பிறந்திருந்தது. அந்தப் பக்கம் யாராவது வண்டி கட்டினால் தொற்றிக்கொண்டு போய்ப் பார்ப்பேன், கட்டாவிட்டால் இல்லை. நினைத்தபோது போய்க் குழந்தையைப் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

விக்கிரகத்துக்கு அளவு பிரிக்கிற மாதிரியே என்னை நிற்கவைத்துப் பச்சைத் தென்னை ஓலையால் அளந்தாய். முகம், மார்பு, தொடை, முழங்கால் என்று மடித்துக்கொண்டே போனாய். வலது காலை அளந்ததோடு ஓலையைச் சுருட்டிவிட்டாய். இடது காலுக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பாய் என்று நம்பினேன். நீ குழாயை அறுத்துக் கொடுக்க, வெங்காரம் தூவி, பித்தளையை உருக்கி, மூட்டுகளைப் பற்றவைத்தவன் நான். பக்கத்தில் நீ வார்க்கவிருந்த அம்மன் மெழுகு உருவாகக் காத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளை வார்த்தபோது ஒரு மயிரிழை பிசகில்லை என்று ஊரே மெச்சியது. அந்தக் கண்ணுக்கா என் கால் தெரியாமல் போயிற்று? தெரிந்தேதான் விட்டாய்.

ஓட்டிப் பார்த்த அன்று அது விளங்கியது. இடது பெடல் கீழே இறங்கும்போது என் கால் எட்டவில்லை. தெருவில் நெசவாளர்கள் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். நேராகப் போய் அதன்மேல் விழுந்தேன். முகமெல்லாம் பட்டு நூல். "என்னாபா இது, அத்தினி நூலும் போச்சே" என்று அவர்கள் ஓடிவந்தார்கள். நீ வந்து முதலில் சைக்கிளைத் தூக்கினாய். பிறகு அவர்களிடம் சொன்னாய்: "வண்டில குறை இல்லபா. காலு சரியில்லாதவன்கிட்ட குடுத்தேன் பாரு, அதான் தப்பு."

இடது பெடல் தண்டை அறுத்துக் குட்டையாக்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். "ஊனத்துக்கு அளவு கெடையாது. மூளியா ஒரு பொருளு என் கைய வுட்டு வெளிய போவாது" என்றாய். அதோடு வண்டி உன்னுடையதாகிவிட்டது. நீயே அதில் ஊரைச் சுற்றினாய். மனைவி குழந்தையை வீட்டுக்குத் தூக்கிவந்த அன்று, என் மகள் என்னைப் பார்த்து யாரோ என்று வீறிட்டு அழுதாள்.

காய்ச்சலில் நீ போனபின் உன் மனைவி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "உங்களுதுதானே அண்ணா, வெச்சுக்குங்க" என்றாள். அன்றைக்கே தண்டை அறுத்துப் பற்றவைத்தேன். கொஞ்ச நேர வேலை. இப்போது நன்றாகவே ஓட்டுகிறேன். வழியில் நிறுத்தி, "அவரு செஞ்ச வண்டியா? அந்தக் கையி யாருக்குபா வரும்" என்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போகிறேன்.

என் மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். தத்தித் தத்தி என்னை நோக்கி வருகிறாள். வீடே கைதட்டிச் சிரிக்கிறது. "உங்களத்தான் பாத்துக்கினு வருது, கொழந்த மூஞ்சியப் பாருங்க" என்கிறாள் மனைவி. நான் குனிந்து, இரண்டு காலும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பார்வை எனக்கு உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இதற்காக உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை.